மணி அடித்தால் கீழ்ப்பக்கம்

தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரையைப் பார்த்து நடுரோட்டில் நான் கத்தியதற்காக இன்றுவரை வருந்தியதில்லை. வருந்தச் சொல்லிப் பலர் கேட்டார்கள். ஆபீஸ் பெரிய கிளாக்கர் கேட்டார், அப்பா என் காலில் விழாத குறையாகக் கேட்டார். முழங்கால் மடங்க மறுக்கிற இந்த வயதிலும், அதே வளைவில் அதே துரை அதே பக்கமாக வந்தால் இன்னும் கொஞ்சம் உரக்கத்தான் கத்துவேன்.

நான் வருந்துவது அதே ரோட்டில் அதற்கு முன் நடந்த வேறொன்றுக்காக. துரைக்குப் பணியாத கதையை மட்டும் என் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அவர்களும் பெருமைப்பட்டார்கள். பாதிக் கதைக்குக் கிடைத்த பெருமை அது. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் யுத்தம் முடிந்து ஓய்ந்த வருடங்கள். பதுளைக்கு இன்னும் ரயில் வரவில்லை. பண்டாரவளைதான் எங்களுக்கு ரயிலடி. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் அப்பா சில்லறைக் கங்காணி. இருபது முப்பது பேரைக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிறுத்தி, வேலைக்குப் பிரித்து அனுப்புகிற வேலை. அவர் என்னைப் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க வைத்தார். படித்து முடித்து அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராக வந்து சேர்ந்தேன். தொழிலாளர் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவது அன்று சாதாரணமில்லை. அதை நானும் மறக்கவில்லை, பிறரையும் மறக்க விடவில்லை.

தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் பண்டாரவளைக்குப் போகும். ரயிலடியில் அவை சரியாக ஏறுகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. நடந்தே போய் வந்தேன். பிறகு பண்டாரவளைக் கடைவீதியில் துணிக்கடையோடு சைக்கிள் பழுதும் பார்த்த முஸ்லிம் நானா ஒருவரிடம் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன வண்டி. அதோடு கனத்த பித்தளை மணி ஒன்றும் இருந்தது.

"மணிய மட்டும் கழட்டி வச்சிட்டுப் போங்க தம்பி," என்றார் நானா. "இந்தச் சத்தத்தக் கேட்டா தொரைதான் வாறார்னு சனம் நெனைக்கும்."

"நெனைச்சா நெனைக்கட்டும் நானா."

"அப்ப தொப்பி ஒண்டும் வாங்கிக்கோங்க. என்ட கடையிலயே இருக்கு," என்று சிரித்தார். கேலிக்குச் சொன்னார். நான் தொப்பியையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

தோட்டத்தை நடத்திய பெரியதுரை சைக்கிள் ஓட்ட அனுமதி தந்தார். ஒரே ஒரு நிபந்தனை. எந்தத் துரையைக் கண்டாலும் வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். தவறினால் சைக்கிளும் இல்லை, வேலையும் இல்லை. சரி என்றேன். அப்போது அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ரோடுகள் மலையின் விலாவை வெட்டிப் போட்டவை. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு. துரை வருகிறார் என்றால் ஆட்கள் குடையைச் சுருக்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சரிவுப் பக்கமாக இறங்கி நிற்க வேண்டும். மேட்டுப் பக்கம் ஒதுங்கினால் நிற்பவனுடைய தலை துரையின் தலைக்கு மேலே போய்விடும். அது மரியாதைக் கேடு. ஆகவே மேட்டுப் பக்கம் நடந்து வருபவர்கள் குதிரைக் குளம்போ மணியோ கேட்ட உடனே ரோட்டைக் கடந்து கீழ்ப்பக்கம் ஓடுவார்கள். புதிதாக வந்து சேருகிற ஆட்களுக்கு என் அப்பாவே பெரட்டுக் களத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார். "மணி அடிச்சா கீழ்ப்பக்கம். யோசிக்காத, ஓடு."

குதிரை மெதுவாக வரும். அதற்குள் கடந்துவிடலாம். சைக்கிள் இறக்கத்தில் வேகமாக வரும். நான் மணியை அடிப்பேன், மேட்டுப் பக்கம் நிம்மதியாக நடந்து போகிறவர்கள் திடீரென்று என் சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே பாய்வார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "கண்ணு தெரியலையா? காது கேக்கலையா? ஓரமாத்தானே போயிட்டிருந்தீங்க, குறுக்க என்ன வேல?" என்று கத்துவேன். வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டே போயிருக்கிறேன். வண்டியில் தூங்கிக்கொண்டு வருகிற மாட்டு வண்டிக்காரனையும் விடமாட்டேன். வெலிமடைப் பக்கமிருந்து மரக்கறி மூட்டை சுமந்து வருகிறவர்களையும் விடமாட்டேன். ஆனால் பண்டாரவளையில் ஒரு துரைசாணியின் நாய் என் சக்கரத்தில் பாய்ந்து என்னைச் சாக்கடையில் தள்ளியபோது, சேற்றோடு எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, நாய்க்கு அடிபடவில்லையே என்று இங்கிலீஷில் விசாரித்தேன். கடைவாசலில் நின்ற நானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய்க்குச் சொகம் கேட்டீங்களே தம்பி, அது பதில் சொல்லிச்சா?" என்றார்.

ஆட்கள் ஏன் குறுக்கே ஓடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தெரியும். நன்றாகத் தெரியும். என் அப்பா சொல்லிக் கொடுத்த பாடம் அது. மணியை அடிக்காமல் மெதுவாகப் போனால் யாரும் ஓடமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் அடித்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே குடையைச் சுருக்குகிற சத்தம் கேட்கும். அதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. கிட்டே வந்து பார்த்து, துரை இல்லை என்று அவர்கள் முகம் மாறும்போது அந்த ருசி கெட்டுவிடும். கத்தியதெல்லாம் அந்த நிமிஷத்தில்தான்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள் என்பதால் பெண்கள் விறகுக்குப் போவார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் சிலர் தலையில் விறகுக் கட்டோடு மேட்டுப் பக்கமாக வரிசையாய் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. நான் இறக்கத்தில் வந்தேன். மணியை அடித்தேன். முன்னால் வந்தவர்கள் ஓடிக் கடந்துவிட்டார்கள். கடைசியில் வந்தவள் நடுவயதுக்காரி, கட்டுப் பெரிது. அவளும் கடக்கப் பார்த்தாள். என் வண்டியின் கைப்பிடி அவள் இடுப்பில் இடித்தது. இருவரும் விழுந்தோம். கை ஊன்றி விழுந்ததில் அவள் மணிக்கட்டு ஒரு மாதிரியாகத் திரும்பிவிட்டது. விறகெல்லாம் ரோட்டில் சிதறியது.

எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். எழுந்தவுடன் தொப்பியைத் தேடி எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டேன். பிறகு ஆரம்பித்தேன்.

"அறிவிருக்கா? ஓரமா வந்தவ ஏன் நடுவுல ஓடுற? கண்ணு எங்க வச்சிருக்க?"

அவள் உட்கார்ந்தபடியே கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "தொரைன்னு நெனச்சிட்டேனுங்க. தப்புதானுங்க சாமி, மன்னிச்சிருங்க," என்றாள்.

கீழ்ப்பக்கம் நின்றிருந்த ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அடியாத்தி, தொரை இல்லக்கா. நம்ம ஆளுதான். தொப்பியப் பாத்து ஏமாந்துட்டோம்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பயம் தெளிந்த சிரிப்புத்தான் அது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்ம ஆள் என்ற வார்த்தை காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. பக்கத்தில் கிடந்த விறகைக் காலால் தள்ளினேன். சரிவில் உருண்டது. இன்னும் தள்ளினேன். அவள் வாரம் முழுதும் அடுப்பெரிக்கக் காட்டில் பொறுக்கிக் கட்டிய விறகு அத்தனையும் தேயிலைச் செடிகளுக்கிடையே சரிந்து பள்ளத்துக்குப் போகிறவரை தள்ளினேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மட்டும் மறுபடியும் "மன்னிச்சிருங்க" என்றாள்.

வண்டியை நிமிர்த்தி ஏறிப் போய்விட்டேன். அவள் கை என்ன ஆனது என்று கேட்கவில்லை. கொழுந்து பறிக்கிறவளுக்கு மணிக்கட்டு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாததல்ல. என் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான்.

அதன்பின் ஓரிரு மாதத்தில் எங்கள் தோட்டத்துக்குப் புதிய சின்னத்துரை வந்தார். யுத்தத்திலிருந்து நேராக வந்தவர் என்றார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். தமிழ் படித்துக்கொண்டிருந்தார். அவர் படித்த புத்தகத்தில் கட்டளைகள் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். வா, போ, எடு, கொண்டுவா. இந்த நாலில் எல்லாக் காரியமும் நடந்தது.

முதல் தடவை அவரைச் சந்தித்தபோது நான் பண்டாரவளையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் மேடு, ரோட்டு விதிப்படி அதுதான் என் பக்கம். மேலேயிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. தோட்டத்தில் மோட்டார் என்றால் துரைதான். சட்டென்று இறங்கினேன். யோசிக்கவே இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழ்ப்பக்கத்துக்கு ரோட்டைக் கடந்தேன்.

இறங்கி வருகிறவருக்குக் கீழ்ப்பக்கம்தான் சரியான பக்கம். அவர் ஒழுங்காகத் தன் பக்கத்தில் வந்தார். நேராக அவருக்கு முன்னால் போய் நின்றேன். என் சைக்கிளின் பின்சக்கரத்தில் மோதி, தள்ளாடி, காலை ஊன்றி நிறுத்தினார்.

"மடையா! கண் இல்லை? ஏன் குறுக்கே வா?" என்று கத்தினார். இங்கிலீஷில் இன்னும் சில சொன்னார். அவை எழுதத் தக்கவையல்ல.

அவர் மரியாதைக்காகத்தான் குறுக்கே வந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. புதியவர், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் தொப்பியைக் கழற்றி, "மன்னிக்க வேண்டும், ஐயா, என் தவறு," என்று நல்ல இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போதே அந்தக் குரல் எங்கோ கேட்டது போலிருந்தது. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் குரல்.

அன்றே திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய். சக்கரத்தை நேராக்க எடுத்துக்கொண்டு போனேன். நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரமும் மணியை அடித்தேன், ஆட்கள் ஓடினார்கள். ஆனால் கத்த வாய் வரவில்லை. ருசி போய்விட்டது. நாளடைவில் மணியைத் துணி சுற்றிக் கட்டிவிட்டேன். வளைவுகளில் மெதுவாகப் போனேன். ஆட்கள் மேட்டுப் பக்கமாகவே பேசிக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ரோட்டைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானம் வந்தது. ரோட்டில் இடது பக்கம் போகிறவன் இடது பக்கமே போக வேண்டும். எவன் வந்தாலும் சரி.

அந்தத் தீர்மானத்துக்குச் சோதனை மழை விட்ட ஒரு பிற்பகலில் வந்தது. ஏறி வந்துகொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் கேட்டது. இறங்கவில்லை. கடக்கவும் இல்லை. வேலை போகும் என்பது நன்றாக நினைவிருந்தது. கால்கள் பழக்கத்தில் இறங்கப் பார்த்தன, அவற்றை மிதிகட்டையில் அழுத்தி வைத்தேன். சின்னத்துரை இந்தத் தடவை வளைவைக் குறுக்கி, மேட்டுப் பக்கமாக, என் பக்கத்தில், நேரே என்மேல் வந்தார். துணியை உருவி மணியை அடித்தேன். அவர் நான் ஒதுங்குவேன் என்று நினைத்தார். ஒதுங்க எனக்கு இடமும் இல்லை, மனமும் இல்லை. கடைசி நிமிஷத்தில் அவர் திருப்பினார். ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கி, அவரும் மோட்டாரும் கீழ்ப்பக்கத்துத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தார்கள்.

எழுந்து நின்றார். கை கால் சரியாக இருந்தது. அப்போதுதான் கத்தினேன்.

"உங்கள் பக்கத்தில் போங்கள்! இது என் பக்கம்!" இது இங்கிலீஷில். அது போதவில்லை. "கண்ணு தெரியலையா?" இது தமிழில். அவர் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லாவிட்டாலும், அர்த்தம் புரிந்திருக்கும். அவரே எனக்குச் சொன்னதுதானே.

கொழுந்து மலையில் நின்ற ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் ஏறி ஓட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் பெரியதுரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல. நிதானமாகத்தான் பேசினார்.

"அவர் உன் பக்கமாக வந்தார் என்கிறாய். இருக்கலாம். நான் கேட்பது அதுவல்ல. நீ இறங்கினாயா?"

"இறங்கவில்லை, ஐயா."

"நாளைக் காலைப் பெரட்டில், ஆட்கள் முன்னால், அவரிடம் மன்னிப்புக் கேள். முடியாவிட்டால் ஆபீஸ் சாவியைப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்துவிடு."

வீட்டில் அப்பா ஒரு வார்த்தைதானே என்று தொடங்கினார்.

"ஒரு வார்த்தைதாண்டா. நான் தெனம் நூறு வார்த்த சொல்றேன். வாய் தேஞ்சா போச்சு?"

"அவர் என் பக்கம் வந்தாருப்பா."

"ரோடே அவுங்களோடது. அதுல ஒனக்கு ஏது பக்கம்?" அப்பாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "உன்ன நாற்காலியில பாக்கணும்னு நான் எத்தன பேருக்கு முன்னால துண்ட எடுத்திருக்கேன் தெரியுமா? இப்ப நீ ஒருத்தனுக்கு முன்னால தொப்பிய எடுத்தா கொறஞ்சா போயிருவ?"

ஆனாலும் மாட்டேன் என்றேன்.

காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஓடி ஒளிந்தான் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகப் போனேன். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சின்னத்துரை கைகளைப் பின்னால் கட்டி நின்றார். அப்பா தன் ஆட்களின் ஓரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய கிளாக்கர் என்னைப் பேசச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"அவர் தப்பான பக்கம் வந்தார். நான் சரியான பக்கம் வந்தேன்," என்று தமிழில் சொன்னேன். ஆட்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் தமிழில் சொன்னேன். "மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை."

சாவியைப் பெரிய கிளாக்கர் கையில் வைத்தேன். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அப்பாவைத் துரைமார் ஒன்றும் செய்யவில்லை. ஆட்கள் அவர் பேச்சைக் கேட்பவர்கள், அதனால் அவர் துரைமாருக்குத் தேவைப்பட்டார். என்னோடு பேச அவருக்குத்தான் வருடங்கள் ஆயின.

பிறகு பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. அந்த ஊரின் ஏற்ற இறக்கமெல்லாம் சைக்கிளில்தான் போனேன். எத்தனையோ துரைமார் எதிரில் வந்தார்கள். ஒருவருக்கும் இறங்கியதில்லை. அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் சாவியைக் கொடுத்த அன்றைய பொழுது பெரட்டுக் களத்தோடு முடியவில்லை.

பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பண்டாரவளைக்கு இறங்கினேன். தொப்பியைக் காம்பராவிலேயே விட்டு வந்துவிட்டேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஒரு வளைவு திரும்பினால் மேட்டுப் பக்கமாகப் பெண்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், வேலைக்குப் போகிறார்கள். நான் மணி அடிக்கவில்லை. ஆனால் சைக்கிளைக் கண்டதுமே கடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"வேணாம்! அங்கேயே நில்லுங்க!" என்று கத்தினேன். நல்ல எண்ணத்தில்தான். அவர்கள் காதில் அது கட்டளையாக விழுந்தது. பாதிப் பேர் நடுரோட்டிலேயே அப்படியே நின்றுவிட்டார்கள்.

கடைசியில் அவள் நின்றாள். கூடைக் கயிறு தலையில் இல்லை. மற்றவர்கள் கொழுந்துக் கூடையோடு இருக்க, அவள் கையில் புல் வெட்டுகிற சுரண்டி ஒன்றுதான் இருந்தது, அதுவும் இடக்கையில். வலது மணிக்கட்டில் பழந்துணி சுற்றியிருந்தது. கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும்.

அன்று விடியலில் ஒரு துரையிடம், ஒரு பெரட்டுக் களமே பார்க்க, மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டு வந்தவன் நான். இங்கே யாரும் கேட்கச் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டிய இடம் இதுதான். வாயைத் திறந்தேன். அதே வீம்பு அங்கேயும் வந்து குறுக்கே நின்றது. துரையிடம் எனக்குத் துணை நின்ற அதே வீம்பு. அதில் நல்லது வேறு, கெட்டது வேறு என்று பிரித்தெடுக்க எனக்கு அப்போது தெரியவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். சைக்கிளை விட்டு இறங்கினேன். அதைத் தள்ளிக்கொண்டு கீழ்ப்பக்க ஓரத்துக்குப் போய்ச் சரிவின் விளிம்பில் நின்றேன். மேட்டுப் பக்கம் அவர்களுக்கு விட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது என்ன புது வழக்கம் என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு மெதுவாக ஒவ்வொருவராக மேட்டோரமாக நடந்தார்கள். அவளும் நடந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சுரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நம்ம ஆள் என்று சொன்ன இளம்பெண் மட்டும் நின்று, என் பெட்டியையும் சைக்கிளையும் தொப்பியில்லாத தலையையும் பார்த்தாள்.

"என்னங்க, கீழ்ப்பக்கம் எறங்கி நிக்கிறீங்க? வண்டி கெட்டுப் போச்சுங்களா?"

"ஆமா," என்றேன். "கெட்டுப் போச்சு."

"தள்ளிக்கிட்டே போங்க. பண்டாரவளயில நானா கடையில பாப்பாங்க," என்று வழி சொல்லிவிட்டு அவள் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் வளைவு தாண்டும்வரை ஏறவில்லை. பண்டாரவளைவரை தள்ளிக்கொண்டே போனேன்.